பட்டறைக்குப் பக்கத்தில் வகுப்பறை: பரோடாவும் பல்கலைக்கழகக் கலைக்கல்வியும்

1950க்கு முன்பு இந்தியாவில் ஓவியமோ சிற்பமோ படித்து முடித்தவர் கையில் வாங்கியது டிப்ளமோ, பட்டம் அல்ல. சென்னை, கல்கத்தா, பம்பாய், லாகூர் என ஆங்கிலேயர் காலத்தில் எழுந்த கலைப்பள்ளிகள் எல்லாமே பல்கலைக்கழகங்களுக்கு வெளியே நின்றன. சென்னைப் பள்ளியை 1850இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர். இரண்டு ஆண்டுகளில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. 1857இல் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் வந்தன. அதே நகரங்களின் கலைப்பள்ளிகளை அவை தமக்குள் சேர்த்துக்கொள்ளவில்லை. சட்டமும் மருத்துவமும் இலக்கியமும் படித்தவர் பட்டதாரி ஆனார்; உளியும் தூரிகையும் பிடித்தவர் கைத்தொழில் கற்றவராகவே எண்ணப்பட்டார். கையால் உழைப்பவரைக் கீழே வைக்கும் வழக்கம் நம் சமூகத்தில் முன்பே வேரூன்றியிருந்தது. காலனியக் கல்வி அதற்கு அரசு முத்திரையும் குத்திக் கொடுத்தது.

இந்த நிலையை முதலில் மாற்றியது பரோடா. மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகம் 1949இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே அதற்குள் ஒரு கவின்கலைப் புலம் உருவானது. ஓவியத்திலும் சிற்பத்திலும் பல்கலைக்கழகப் பட்டம் தந்த முதல் இந்திய நிறுவனம் என்று கலை வரலாற்றாசிரியர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள். பட்டம் என்ற தாளைவிட, அந்த ஏற்பாட்டால் விளைந்த வேறொன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தூரிகை பிடிக்கக் கற்றுத்தர ஒரு நல்ல ஆசிரியரின் வீடு போதும். பல்கலைக்கழகம் மட்டும் தரக்கூடியது பக்கத்து அறை: ஓவியம் தீட்டும் அறைக்கு அடுத்து வரலாறு பேசும் அறை, அதற்கடுத்து மண் பிசையும் அறை, அதற்கடுத்து அருங்காட்சியகம் நடத்தக் கற்பிக்கும் அறை. பரோடாவின் கதையை இந்த அக்கம்பக்கத்தின் கதையாகத்தான் நான் படிக்கிறேன். அதன் வெற்றியும் பிற்காலத்தில் அது பட்ட அடியும் இதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

பரோடாவில் இது வெற்றிடத்தில் முளைத்ததல்ல. மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் 1890இல் அங்கே கலாபவன் என்ற தொழிற்கல்வி நிலையத்தை நிறுவினார். பின்னாளில் இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படத்தை எடுத்த தாதாசாகேப் பால்கே அங்கே படித்தவர்தான். ரவிவர்மாவை வரவழைத்துப் புராண ஓவியங்கள் தீட்டவைத்ததும் அதே மன்னர். மேலைநாட்டு ஓவியங்களும் இந்தியச் சிற்பங்களும் ஒன்றாக இருக்கும் அருங்காட்சியகம் ஒன்று அவர் காலத்திலேயே நகரத்துப் பூங்காவில் எழுந்தது. தஞ்சாவூருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1880இல் சயாஜிராவ் மணந்த லட்சுமிபாய் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துப் பெண். அந்த மண உறவின் வழியே தஞ்சையின் சதிர் நடனக் குழுவும் நட்டுவனார்களும் பரோடா அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். காவிரிக்கரை ஆடல் ஒன்று குஜராத்தில் வேர்பிடித்த வரலாறு தனிக் கட்டுரைக்கு உரியது. கலைக்கு அரசு பணம் செலவழிப்பது அந்த ஊருக்குப் புதிதல்ல என்பதைச் சொல்லவே இங்கே குறிப்பிட்டேன்.

தாகூரின் சாந்திநிகேதனும் முன்கூட்டியே அங்கே வந்துவிட்டது. கெய்க்வாட் குடும்பத்தின் நினைவாலயமான கீர்த்தி மந்திரின் சுவர்களில், 1939 முதல் 1946 வரை பல கட்டங்களாக, சாந்திநிகேதன் ஆசிரியர் நந்தலால் போஸ் தம் மாணவர்களோடு வந்து தீட்டிக் கொடுத்தார். கங்கை இறங்கிவருவது, மீராவின் வாழ்க்கை, அபிமன்யு விழும் குருக்ஷேத்திரம், தாகூரின் ‘நடீர் பூஜா’ ஆகியவை அந்தச் சுவர்களில் இன்றும் இருக்கின்றன. எனவே 1950இல் புலம் தொடங்கியபோது, கலாபவனின் தொழில் மரபு, அரண்மனையின் மேலைநாட்டு ஓவிய ரசனை, சாந்திநிகேதனின் சுவரோவிய மரபு மூன்றும் அந்த ஊரில் ஏற்கெனவே இருந்தன. அவற்றை ஒரே பாடத்திட்டத்துக்குள் கொண்டுவரும் துணிவுதான் தேவைப்பட்டது.

அந்தத் துணிவு முதல் துணைவேந்தர் ஹன்சா மேத்தாவுக்கு இருந்தது. அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், ஐ.நா. மனித உரிமை ஆணையத்தில் இந்தியாவின் சார்பில் பங்கேற்றவர். ஆண்களும் பெண்களும் சேர்ந்து படிக்கும் இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குத் துணைவேந்தரான முதல் பெண்ணும் அவரே. முதல் டீனாக மார்கண்ட் பட் வந்தார். ஓவியத் துறைக்கு இந்தூரில் வளர்ந்த என்.எஸ். பேந்த்ரே. சிற்பத் துறைக்கு, சாந்திநிகேதனில் ராம்கிங்கர் பைஜிடம் பயின்ற சங்கோ சௌத்ரி. 1951இல் இவர்களோடு வந்து சேர்ந்த இளைஞர் கே.ஜி. சுப்பிரமணியன். எந்தப் பாணியையும் கையாளத் தெரிந்த பேந்த்ரே, மாணவர்மேல் எந்தப் பாணியையும் திணிக்காதவர் என்று பெயர் பெற்றார். அடுத்த தலைமுறையில் பரோடாவுக்கென்று ஒற்றை முத்திரை ஏதும் உருவாகாமல் போனதற்கு அவருக்குத்தான் முதலில் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் புலத்தின் சிந்தனைக்கு முதுகெலும்பு தந்தவர் சுப்பிரமணியன். அவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1924இல் வட மலபாரின் கூத்துபறம்பில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் அவர். பள்ளிப்படிப்பு பிரெஞ்சு ஆட்சியிலிருந்த மாஹேயில். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தபோது வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் இறங்கிச் சிறைக்குப் போனார். அரசுக் கல்லூரிகளின் கதவு அவருக்கு மூடப்பட்டது. 1944இல் சாந்திநிகேதனின் கலாபவனத்தில் சேர்ந்தார். நந்தலால் போஸ், பினோத் பிஹாரி முகர்ஜி, ராம்கிங்கர் மூவரும் அங்கே ஆசிரியர்கள். 1946-47இல் பினோத் பிஹாரி அங்குள்ள இந்தி பவனத்தின் சுவர்களில் இடைக்கால அருளாளர்களின் வாழ்க்கையைத் தீட்டியபோது உதவிக்கு நின்ற மாணவர்களில் சுப்பிரமணியனும் ஒருவர். ராமானுஜரும் கபீரும் துளசிதாசரும் அந்தச் சுவரில் நெருக்கமான தெருக்களுக்கும் கூட்டங்களுக்கும் நடுவே வருகிறார்கள். ஈரச் சுண்ணாம்பின் மேல் தீட்டப்பட்டது அது. பூச்சு உலர்வதற்குள் அன்றன்றைய பகுதியை முடித்தாக வேண்டும். தவறினால் சுரண்டிவிட்டு மறுபடி பூச வேண்டும். பொருளாதாரம் படித்த இளைஞர் ஒருவர், ஆசிரியரின் கையையும் சுவரின் ஈரத்தையும் ஒருசேரக் கவனித்துக் கற்றது அங்கேதான்.

பரோடாவில் ஆசிரியராக இருந்துகொண்டே 1955-56இல் லண்டனின் ஸ்லேடு கலைப்பள்ளிக்குப் போய்வந்தார். அதைவிட அவரை மாற்றியது, 1959 முதல் 1961 வரை பம்பாயில் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பிரிவின் துணை இயக்குநராக இருந்த காலம் என்று நினைக்கிறேன். அந்த வேலைக்குப் பிறகு அவர் எழுதியதிலும் செய்ததிலும் ஓர் எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறது. நெசவாளி, குயவர், பொம்மை செய்பவர் ஆகியோரின் கைவேலையும் கேன்வாஸ் ஓவியமும் ஒரே தொடரின் வெவ்வேறு இடங்கள். அந்தத் தொடர் அறுந்தால் இரண்டுமே மெலிந்துபோகும். இதை அவர் கட்டுரைகளில் மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. லக்னோவின் ரவீந்திராலயா அரங்கத்துக்கு 1963இல் அவர் செய்த சுவர்ச் சிற்பம் 81 அடி நீளமும் 9 அடி உயரமும் கொண்டது. தாகூரின் ‘இருட்டறை அரசன்’ நாடகம் அதன் கரு. பொருளோ சுட்ட மண். பளிங்கும் வெண்கலமும் பெருமைக்குரியவை என்று கருதப்பட்ட காலத்தில், ஊர்க் குயவர் புழங்கும் பொருளை ஒரு தலைநகரத்தின் பொதுக் கட்டடத்துக்குக் கொண்டுபோனார். 1971 வங்கதேசப் போரின் கொடுமைகளை அவர் சொன்னதும் சிறிய சுடுமண் புடைப்புச் சிற்பங்களில்தான். தட்டையாகத் தேய்த்த களிமண்ணைக் கிள்ளி, மடித்து, கீறி, பதக்கம் குத்திய தளபதிகளையும் சிதைந்த உடல்களையும் பக்கம் பக்கமாக வைத்தார். மண்ணில் விரல் பதிந்த தடம் அப்படியே சதையின் காயமாகிவிடுகிறது. எண்ணெய் வண்ணத்தில் இதைச் செய்திருந்தால் இந்த நெருக்கம் கிடைத்திருக்காது.

இந்த எண்ணம் புலத்தின் ஏற்பாட்டிலும் இறங்கியது. 1961இல் கவின்கலைக் கண்காட்சிச் சந்தை ஒன்று தொடங்கியது. ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து பொம்மைகள், பாவைகள், அணிகலன்கள், துணிகள், அச்சிட்ட படங்கள் எல்லாம் செய்து ஊர்மக்களுக்கு விற்றார்கள். சுப்பிரமணியன் மரத்துண்டுகளையும் மணிகளையும் தோலையும் சேர்த்துச் செய்த விலங்குப் பொம்மைகளும், குழந்தைகளுக்கு எழுதி வரைந்த சிறு நூல்களும் இந்தச் சந்தைகளின் வழி பிறந்தவை. ஓவியத் துறை மாணவர் மரவேலை செய்தார். சிற்பத் துறை மாணவர் துணியில் அச்சடித்தார். துறைச் சுவர்கள் சில வாரங்களுக்கு இல்லாமல் போயின. நகரமும் வளாகத்துக்குள் வந்து போனது. பொதுப்பணத்தில் நடக்கும் கலைக்கல்வியை ஊருக்கு உறவாக்கிக்கொள்ள இதைவிட நல்ல வழி ஒன்று எனக்குத் தெரியவில்லை.

சுப்பிரமணியனிடம் சுவரோவிய வடிவமைப்பு பயின்ற மிருணாளினி முகர்ஜி இந்தப் படிப்பின் பலனுக்கு நல்ல சான்று. அவர் பினோத் பிஹாரியின் மகள். சணல் கயிற்றுக்குச் சாயமேற்றி, தறியும் இல்லாமல், கையாலேயே முடிச்சுப் போட்டுப்போட்டு ஆளுயரத்துக்கும் மேலான உருவங்களைச் செய்தார். ‘யக்ஷி’, ‘வனஸ்ரீ’ என்று அவற்றுக்குப் பெயர். மடிப்பும் பிளவும் தொங்கலுமாக, கோயில் கருவறைத் தெய்வம் போலவும் காட்டுச் செடி போலவும் அவை நிற்கின்றன. நெசவா, சிற்பமா என்று கேட்டவர்கள் உண்டு. அவர் படித்த இடத்தில் அந்தக் கேள்விக்கு வேலையே இருக்கவில்லை.

இனி வகுப்பறைக்கு வருவோம். பரோடாவில் கலை வரலாறு தனித் துறை. பட்டமேற்படிப்பும் ஆய்வும் உண்டு. அதே நேரத்தில் ஓவிய, சிற்ப மாணவர்களுக்கும் அது கட்டாயப் பாடம். அந்தத் துறையில் கற்பித்தவர்களில் பலர் தாமே ஓவியர்கள். 1966 முதல் கால் நூற்றாண்டு அத்துறைக்குத் தலைமை வகித்த ரத்தன் பரிமூ, அங்கேயே ஓவியம் படித்தவர். அவனீந்திரநாத், ககனேந்திரநாத், ரவீந்திரநாத் என்ற மூன்று தாகூர்களின் ஓவியங்களைப் பற்றிய முன்னோடி ஆய்வு அவருடையது. குஜராத்தி மொழியின் முக்கியக் கவிஞரும் ஓவியருமான குலாம்முகமது ஷேக் 1960இலிருந்து அங்கே கலை வரலாறு கற்பித்தார். 1980களில்தான் ஓவியத் துறைக்கு ஆசிரியராக மாறினார். வரலாற்றை ஓவியரே சொல்லித்தரும்போது அதன் தன்மை மாறிவிடுகிறது. இத்தாலியின் சியன்னா நகரத்துச் சுவரில் லொரென்செட்டி ஒரு முழு ஊரை எப்படிக் காட்டினார், முகலாயச் சிற்றோவியத்தில் கோட்டைக்கு உள்ளும் வெளியும் ஒரே தாளில் எப்படி அமைந்தன என்பதெல்லாம் தேர்வுக்கான குறிப்பு மட்டுமல்ல. நாளைக்கே தன் கேன்வாஸில் முயன்று பார்க்கக்கூடிய வழி.

ஷேக்கின் ஓவியங்களே இதற்குச் சாட்சி. 1969 முதல் 1973 வரை அவர் தீட்டிய ‘நெடுநாள் கழித்து வீடு திரும்புதல்’ ஓவியத்தில், அவர் வளர்ந்த சிற்றூரின் வீடுகளும் பள்ளிவாசலும் வருகின்றன. முன்னால் அவருடைய தாயின் முகம். மேலே வானத்தில் பாரசீகச் சிற்றோவியத்திலிருந்து இறங்கிவந்த தேவதூதர்கள். புகைப்படத்தின் உண்மையும் பழைய சுவடியின் கற்பனையும் ஒரு சட்டகத்துக்குள் சண்டையிடாமல் இருக்கின்றன. பத்தாண்டுகள் கழித்து, மதக்கலவரத்தில் எரியும் பரோடாவை ‘விற்பனைக்கு ஒரு நகரம்’ என்ற பெரிய ஓவியத்தில் கொண்டுவந்தார். ஒரே நேரத்தில் பல தெருக்களில் பல காரியங்கள் நடக்கும் அந்த அமைப்பு, கலை வரலாற்று வகுப்புக்குத் தயாரித்துத் தயாரித்து அவர் கண்ணுக்குப் பழகிப்போன ஒன்று. வகுப்பறை ஓவியருக்குத் தந்த நேரடிக் கொடை அது.

பூபேன் கக்கரின் வாழ்க்கை இன்னும் வியப்பானது. பம்பாயில் கணக்காளர் படிப்பு முடித்தவர், 1962இல் பரோடாவுக்கு வந்தார். ஓவியத் துறையில் அல்ல, கலை விமர்சனம் படிக்கச் சேர்ந்தார். படித்து முடித்த பிறகும் ஒரு நிறுவனத்தில் பகுதிநேரமாகக் கணக்குப் பார்த்துக்கொண்டே ஓவியம் தீட்டினார். கடிகாரம் பழுதுபார்ப்பவர், முடிதிருத்துபவர், தையல்காரர் என அதுவரை ‘உயர்ந்த’ ஓவியத்தில் இடமில்லாதவர்களை, கடைப்பலகை வண்ணத்தில், காலண்டர் படத்தின் பளபளப்போடு கொண்டுவந்தார். 1981இல் வந்த ‘எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது’ ஓவியத்தில் தன் பாலியல் விருப்பத்தை ஒளிவுமறைவின்றி வெளிப்படுத்தினார். இன்று அது லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வரைகலைத் தேர்ச்சியை மட்டும் சோதித்து மாணவரைச் சேர்க்கும் கலைப்பள்ளி ஒன்றில் கக்கருக்கு இடமே கிடைத்திருக்காது. பல்கலைக்கழகத்தில் வேறொரு வாசல் இருந்தது. அதன் வழியாக நுழைந்தார்.

1952இல் அங்கே தொடங்கிய அருங்காட்சியகவியல் துறை, கோடுகளை மட்டும் நம்பி ஓவியம் படைத்த நஸ்ரீன் மொஹமதி 1972 முதல் தம் இறுதிவரை அங்கே ஆசிரியராக இருந்தது, ஜோதி பட் குஜராத், ராஜஸ்தான் ஊர்ப்புறச் சுவர்க் கோலங்களைப் பல பத்தாண்டுகள் புகைப்படமெடுத்துச் சேமித்தது என்று இந்த அக்கம்பக்கத்துக்கு இன்னும் பல சான்றுகள் உண்டு.

அதே காலத்தில் சென்னையில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1929இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரியும், 1957இல் கே.சி.எஸ். பணிக்கரும் கலைப்பள்ளியின் பொறுப்புக்கு வந்தார்கள். பணிக்கர் காலத்தில் இந்திய நவீன ஓவியத்துக்குச் சென்னை தந்த பங்கு பரோடாவுக்குக் குறைந்ததல்ல. இங்கேயும் கைவினையே கைகொடுத்தது. ஓவியர்கள் பட்டிக் துணியும் தோல் பொருள்களும் செய்து விற்றுச் சேர்த்த பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். வேறுபாடு ஒன்றுதான். பரோடாவில் கைவினையும் சிந்தனையும் நிறுவனத்துக்குள் தங்கின. சென்னையில் அவை நிறுவனத்தைவிட்டு வெளியேறிக் கடற்கரையில் குடியேறின. சோழமண்டலம் பெருமைக்குரிய தன்னாட்சிக் குடியிருப்பு. ஆனால் அதில் கிடைத்த சுதந்திரம் அங்கே வீடு கட்டிக்கொண்டவர்களுக்கானது. ஆண்டுதோறும் எழும்பூருக்கு வந்து இறங்கும் புது மாணவருக்கு அது பாடத்திட்டமாகக் கிடைக்கவில்லை.

பல்கலைக்கழகத்துக்குள் கலை வந்ததால் வந்த தொல்லைகளையும் மறைக்கக்கூடாது. முதலாவது தேர்வு. ஓவியத்துக்கு எப்படி மதிப்பெண் போடுவது? இதற்குக் கலைக் கல்லூரிகள் கண்டுபிடித்த வழி ஆண்டு இறுதி ‘டிஸ்ப்ளே’. மாணவர் தமக்கு ஒதுக்கிய சுவரையும் தரையையும் துப்புரவாக்கி, ஓராண்டு வேலையை வரிசைப்படுத்தி வைப்பார். துறை ஆசிரியர்களும் வெளியிலிருந்து வரும் தேர்வாளரும் ஒவ்வொரு இடமாக வந்து நிற்பார்கள். முடிந்த படங்களை மட்டுமல்ல, பயிற்சிக் கோடுகள் நிறைந்த ஏடுகளையும் புரட்டுவார்கள். ஏன் இந்த அளவு, ஏன் இந்தப் பொருள், இது எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். மாணவர் பதில் சொல்லியாக வேண்டும். இது மதிப்பெண்ணுக்காக ஏற்பட்டதுதான் என்றாலும், தன் வேலையைத் தானே சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் பழக்கம் மாணவருக்கு இங்கேதான் வருகிறது. முடியாததை, தோற்றதை, யாரையும் உறுத்தக்கூடியதை எல்லாம் ஆசிரியர் முன்னால் வைத்துப் பார்க்கும் இடம் அது. அதனாலேயே அது பாதுகாப்பாக இருக்க வேண்டிய இடம்.

2007 மே 9 அன்று பரோடாவில் அந்தப் பாதுகாப்பு உடைந்தது. தேர்வுக்காக வைத்திருந்த முதுகலை மாணவர் ஒருவரின் படைப்புகள் சமய உணர்வைப் புண்படுத்துவதாகச் சொல்லி ஒரு கும்பல் வளாகத்துக்குள் நுழைந்தது. காவல்துறை மாணவரைக் கைது செய்தது. பல்கலைக்கழக நிர்வாகம் அவருக்குத் துணை நிற்கவில்லை. மாணவர்கள் தம் எதிர்ப்பாக, இந்தியக் கோயில் சிற்பங்களிலும் பழைய ஓவியங்களிலும் உடலும் காமமும் எவ்வளவு இயல்பாக வந்திருக்கின்றன என்பதைத் துறையின் ஆவணப் படங்களைக் கொண்டே கண்காட்சியாக வைத்தார்கள். அதை மூட மறுத்த பொறுப்பு டீன் இடைநீக்கம் செய்யப்பட்டார். கலை வரலாற்றுத் துறையின் ஆவணக் காப்பகம் பூட்டி முத்திரையிடப்பட்டது.

இந்த நிகழ்வைக் கருத்துச் சுதந்திரம் பற்றிய வழக்காகத்தான் பெரும்பாலும் பேசியிருக்கிறார்கள். கல்வியின் பக்கம் நின்று பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. மாணவர்கள் பதில் சொல்லக் கையிலெடுத்தது முழக்க அட்டையை அல்ல, கலை வரலாற்றை. ஐம்பது ஆண்டுகளாக அந்தப் புலம் கற்பித்த பாடத்தை அவர்கள் சரியாகவே படித்திருந்தார்கள். தவறியது நிர்வாகம். பொதுப்பணத்தில் நடப்பதால் பொதுமக்கள் கேள்வி கேட்கலாம் என்பது நியாயம்தான். ஆனால் அறுவை சிகிச்சை பயிலும் மாணவரின் தேர்வறைக்குள் ஊர்க்கூட்டம் நுழைவதை எந்த மருத்துவக் கல்லூரியும் அனுமதிக்காது. ஓவிய மாணவரின் தேர்வறைக்கு மட்டும் அந்தக் காவல் கிடைக்கவில்லை. கலைப் படிப்பைப் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டது. ஆனால் மற்றப் படிப்புகளுக்கு இணையாக மதிக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டியதில்லை.

இன்னொரு தொல்லை ஆசிரியர் நியமனம். பேந்த்ரேயும் சுப்பிரமணியனும் வந்த காலத்தில் அவர்களுடைய கைவேலையும் சிந்தனையுமே தகுதி. இப்போது ஆசிரியராக முதுகலைப் பட்டமும் தேசியத் தகுதித் தேர்வோ முனைவர் பட்டமோ கேட்கிறார்கள். தொடர்ந்து கண்காட்சிகள் நடத்திவரும் கலைஞர்களை நேரடியாக எடுத்துக்கொள்ளப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் ஒரு வழி வைத்திருக்கின்றன. அந்த வழியை நியமனக் குழுக்கள் துணிந்து பயன்படுத்த வேண்டும். நல்ல ஸ்தபதி ஒருவரோ, நெசவில் கைதேர்ந்தவரோ வகுப்பெடுக்க வர முடியாத கவின்கலைத் துறை, மறுபடியும் கையையும் தலையையும் பிரித்துவைத்த 1857க்கே திரும்பிவிடும்.

தமிழ்நாட்டுக்கு வருகிறேன். 2013இல் இசைக்கும் கவின்கலைக்கும் என்று தனிப் பல்கலைக்கழகம் ஒன்றை மாநில அரசு ஏற்படுத்தியது. சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகள் அதனோடு இணைந்தன. டிப்ளமோவாக இருந்தது முன்பே பட்டமாகிவிட்டது. ஆனால் பக்கத்து அறை இன்னும் வரவில்லை. சென்னைக் கல்லூரியில் ஓவியம், சிற்பம், அச்சோவியம், சுடுமண், துணி வடிவமைப்பு, காட்சித் தொடர்பு என்று துறைகள் இருக்கின்றன. கலை வரலாறு அவற்றில் ஒன்றாக இல்லை. எல்லோரும் எழுதித் தேற வேண்டிய தாளாகவே இருக்கிறது. மரபுச் சிற்பமும் கோயில் கட்டடக் கலையும் மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய தனிக் கல்லூரியில் இருக்கின்றன. சிற்ப ஆய்வு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. கல்வெட்டும் தொல்லியலும் வேறு வேறு பல்கலைக்கழகங்களில். ஒவ்வொன்றும் தனியாக நல்ல வேலை செய்கிறது. ஆனால் பல்லவர் காலப் புடைப்புச் சிற்பத்தின் அளவுகளைக் கையால் அறிந்த மாணவரும், நவீன ஓவியம் தீட்டும் மாணவரும், அதே காலத்துக் கல்வெட்டைப் படிக்கத் தெரிந்த மாணவரும் ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பேச வழியில்லை.

இத்தனைக்கும் பரோடாவைவிட நமக்கு வாய்ப்பு அதிகம். சென்னைக் கவின்கலைக் கல்லூரியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் எழும்பூர் அருங்காட்சியகம் இருக்கிறது. கல்லூரி தொடங்கிய மறு ஆண்டு, 1851இல், எட்வர்ட் பால்ஃபர் என்ற இன்னொரு மருத்துவரின் பொறுப்பில் தொடங்கியது அது. அமராவதியின் சுண்ணாம்புக் கற்பலகைகளும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் அங்கே இருக்கின்றன. உலகின் எந்தக் கலைக் கல்லூரியும் பொறாமைப்படும் அண்டை வீடு. கலை வரலாற்றுத் துறை ஒன்றும் அருங்காட்சியகவியல் துறை ஒன்றும் கல்லூரியில் தொடங்கி, அவற்றின் வகுப்புகளை வாரத்தில் சில நாள் அந்தக் காட்சிக்கூடங்களிலேயே நடத்தலாம். மெழுகு வடித்து உலோகம் ஊற்றும் சுவாமிமலை ஸ்தபதியை ஒரு பருவம் முழுக்க ஆசிரியராக அழைக்கலாம். கும்பகோணம் கல்லூரிக்கு அவர் பக்கத்து ஊர்க்காரர். மாமல்லபுரத்து மாணவர் ஒரு பருவம் சென்னையிலும், சென்னை மாணவர் ஒரு பருவம் மாமல்லபுரத்திலும் படித்து, இரண்டு இடத்திலும் பெற்ற மதிப்பெண்ணைச் சேர்த்துக்கொள்ளும்படி விதியைத் திருத்தலாம். இதற்குப் புதிய கட்டடம்கூட உடனே தேவையில்லை. துறைகளைத் தொடங்கும் அரசாணையும், கலை வரலாறு தெரிந்த ஓவியர்களை ஆசிரியராக எடுக்கும் மனமும் போதும். அதோடு, தேர்வுக்காக வைக்கும் மாணவர் படைப்புகளின்மேல் முதல் தீர்ப்பு தேர்வாளருடையதே, கல்லூரியைக் கேட்காமல் யாரும் அங்கே நுழைய முடியாது என்று பல்கலைக்கழகம் இப்போதே எழுத்தில் விதி செய்துவைக்க வேண்டும். நெருக்கடி வந்தபிறகு எழுதும் விதி மாணவரைக் காப்பாற்றாது.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். சென்னையிலோ கும்பகோணத்திலோ கவின்கலைக் கல்லூரி மாணவர் கண்காட்சி நடக்கும்போது ஒரு முறை போய்ப் பாருங்கள். படம் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடாமல், அந்த மாணவரிடம் இதை ஏன் இப்படிச் செய்தாய் தம்பி, ஏன் இந்தப் பொருளை எடுத்தாய் அம்மா என்று கேளுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை ஓவியம் படிக்க ஆசைப்பட்டால், வேலை கிடைக்குமா என்று கேட்பதற்கு முன்னால், அந்தக் கல்லூரியில் வரலாறு சொல்லித்தருபவர் யார் என்று விசாரியுங்கள்.